படம் ஓட்டியவர்கள்

நம் கொட்டகைக்கென்று வெளிவரும் இந்த மலரில் உரிமையாளர் குடும்பத்தைப் பற்றியும், கட்டடம் எழுந்த கதையைப் பற்றியும், நாள் கணக்கில் ஓடிய படங்களைப் பற்றியும் தக்கவர்கள் எழுதுகிறார்கள். ஆபரேட்டர் அறையையும் கொட்டகையின் மற்ற வேலையாட்களையும் பற்றி எழுதும்படி மலர்க்குழுவினர் என்னைக் கேட்டார்கள். அந்த அறையில் ரீல் சுற்றும் பையனாக நுழைந்து, உதவியாளனாகி, உரிமம் பெற்று, படச்சுருள் என்ற ஒன்றே இல்லாமற்போன காலம்வரை அங்கேயே இருந்தவன் நான். ஒரு காட்சி நடக்க எத்தனை பேருடைய கை வேண்டியிருந்தது, அந்தக் கைகள் என்ன செய்தன என்பதை வேலை தெரிந்தவன் ஒருவன் எழுதி வைக்க வேண்டும். படம் பார்த்தவர்கள் சொல்லும் கொட்டகைக் கதைகள் தமிழில் ஏராளம். படம் ஓட்டியவர்கள் சொன்னவை மிகக் குறைவு.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் சினிமாக் காட்டும் தொழிலே கருவி தெரிந்த ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர். 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். அந்தச் சாலைக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் காலத்தில் முதலாளிக்கும் மெஷினுக்கும் நடுவில் தூரம் இல்லை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து பேசும்படக் காலம் பிறந்த பிறகு, ஒலிக்கருவியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வேலை பெருகியது. முதலாளி கீழே அலுவலக அறைக்கும், ஆபரேட்டர் மேலே மெஷின் அறைக்கும் பிரிந்தார்கள். கொட்டகைகளின் வரலாற்றை எழுதும்போது மாடிப்படி ஏறாமலே முடித்துவிடும் வழக்கம் அதன் பிறகு வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

நம் கொட்டகையும் டூரிங் டாக்கீஸாக இருந்து நிரந்தரக் கட்டடமானது. கீற்றுக் கூரை, மூங்கில், சவுக்குக் கழி, மணல் தரை. தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் அதைத் தட்டிச் சமமாக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பார். புரொஜெக்டர் ஒன்றே ஒன்று. ஒரு சுருள் முடிந்தால் அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டே ஆக வேண்டும். அதனால்தான் டூரிங் கொட்டகையில் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை வந்தது. கடலை, முறுக்கு, கோலி சோடா விற்றவர்களின் பிழைப்பு அந்த ஒற்றை மெஷினால் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது முடிந்ததும் கீற்றைப் பிரித்து, மெஷினைக் கழற்றி, வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லென்சை மட்டும் ஆபரேட்டர் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொள்வார் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆயில் என்ஜினும் டைனமோவும்தான். என்ஜின் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தனியாக உண்டு. என்ஜினின் ஓட்டம் தடுமாறினால் திரையில் வெளிச்சம் மங்கும், பாட்டின் சுருதி இறங்கும். கொட்டகைக்குள் உட்கார்ந்து பாட்டைக் கேட்டவர்களுக்கு, வெளியே இருட்டில் கரியும் எண்ணெயுமாக ஒருவர் அந்தச் சுருதியைக் காத்துக்கொண்டிருந்தது தெரிய வாய்ப்பில்லை.

நிரந்தரக் கொட்டகை என்றால் சட்டம் கடுமை. 1955இல் வந்த சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும், 1957இல் வந்த அதன் விதிகளும்தான் எங்களுக்கு வேதம். கலெக்டர் தரும் ‘சி ஃபார்ம்’ உரிமம் இல்லாமல் ஒரு காட்சி நடத்த முடியாது. கட்டட உறுதிக்குப் பொதுப்பணித் துறை, வயரிங்குக்கு மின் ஆய்வாளர், தீக்கு ஒரு சான்று, கழிப்பறைக்கும் குடிநீருக்கும் ஒரு சான்று என்று புதுப்பிக்கும் நேரத்தில் மேனேஜர் கையில் காகிதக் கட்டோடு அலைவார். ஆபரேட்டருக்குத் தனி உரிமம். அதை அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்போம். அந்த உரிமத்தை வாங்கியவன் ஊரில் ஒரு படி உயர்ந்தவனாக எண்ணப்பட்டான். பெண் கொடுப்பவர்கள்கூட அதை விசாரித்தார்கள்.

மெஷின் அறை ஏன் சிறை போல இருக்கிறது என்று பார்க்க வருபவர்கள் கேட்பார்கள். கனமான சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, சுவரில் சின்னச் சின்னத் துவாரங்கள், அவற்றின்மேல் இழுத்துவிட்டால் சட்டென்று விழும் இரும்பு மூடிகள், மணல் வாளி. இவை யாவும் நைட்ரேட் படச்சுருள் காலத்து அச்சத்தில் பிறந்தவை. நைட்ரேட் சுருள் பற்றினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொண்டு எரியும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. 1950களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி நின்று, எளிதில் பற்றாத அசிடேட் சுருள் வந்துவிட்டது. ஆனால் அறையின் அமைப்பு மாறவில்லை. மாறாதது நல்லது. தீ அந்த அறையிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை 1979இல் தூத்துக்குடியில் ஒரு கொட்டகையில் பற்றிய தீ தமிழ்நாடு முழுவதற்கும் காட்டியது. உயிர்கள் போன அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் ஊரிலும் காட்சி தொடங்குமுன் ஒவ்வொரு கதவும் திறக்கிறதா என்று கேட்மேன் தள்ளிப் பார்ப்பது கட்டாயமானது. அந்த வேலையை ஒரு நாளும் விடாமல் செய்த கேட்மேன்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

இனி மெஷின். அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு லாம்ப் ஹவுஸ். அதற்குள் பல்பு கிடையாது. செப்புப் பூச்சுள்ள இரண்டு கார்பன் குச்சிகள் எதிரெதிராக இருக்கும்; ஒன்று பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். ரெக்டிஃபயர் வழியாக வரும் நேர்மின்சாரத்தைக் கொடுத்து இரண்டையும் ஒரு கணம் தொடவைத்துச் சற்றே பிரித்தால், நடுவில் வெள்ளை வெளேரென்று தீப்பிழம்பு நிற்கும். பின்னாலிருக்கும் குழிக்கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் திரட்டிப் படத்தின்மேல் அனுப்பும். கார்பன் எரிய எரியத் தேயும். பாசிட்டிவ் சீக்கிரம் தேயும். இடைவெளி கூடினால் வெளிச்சம் நீலம் பாய்ந்து அணையும், குறைந்தால் ஒட்டிக்கொள்ளும். தானாக நகர்த்தும் மோட்டார் இருந்தாலும் அதை நம்பிவிட முடியாது. கறுப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் வழியாக நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துத் திருகைத் திருப்பியாக வேண்டும். வெறுங்கண்ணால் பார்த்தவன் அன்று இரவு தூங்க முடியாது. கண்ணில் மணல் கொட்டியது போல் அரிக்கும்.

சூடும் புகையும் போக லாம்ப் ஹவுஸின் தலையில் தகரக் குழாய் வைத்துக் கூரைக்கு வெளியே விட்டிருப்பார்கள். அப்படியும் சித்திரை மாதத்து மாட்னியில் அந்த அறையில் சட்டை போட்டு நிற்க முடியாது. கைலியும் தோளில் துண்டும்தான் ஆபரேட்டரின் உடை. ஓலைத் தட்டிக்கும் மின்விசிறிக்கும் கீழே இருந்த ஜனங்கள் புழுக்கம் என்று முறையிட்ட நாட்களில் மேலே என்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தேய்ந்த கார்பன் துண்டுகளைப் பையன்கள் வாசலில் நின்று கேட்டு வாங்கிப் போவார்கள். வெட்டுப்பட்ட பிலிம் துண்டுகளுக்கும் அதே கிராக்கி. தண்ணீர் ஊற்றிய பல்பையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் வைத்து அவர்கள் தங்கள் வீட்டுத் திண்ணைகளில் சினிமா காட்டினார்கள்.

படச்சுருள் 35 மில்லிமீட்டர் அகலம். ஓர் அடிக்கு 16 படச்சட்டங்கள். நொடிக்கு 24 ஓட வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் முடியும். பதினைந்தாயிரம் அடிப் படம் என்றால் இரண்டே முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கு எங்களுக்குத் தூக்கத்திலும் வரும். பெட்டியில் வரும் ஆயிரம் அடிச் சுருள்களை இரண்டிரண்டாக ஒட்டி ஒரே பாகமாக்கிக்கொள்வோம். ஒட்டுவதற்கு பிளேடும் பிலிம் சிமென்ட்டும் வேண்டும்; அதற்கு மேல் விரல் நுனி வேண்டும். சட்டத்தின் பக்கத்துக்கு நான்கு துளைகள். அவற்றில் ஒன்று கிழிந்திருந்தாலும் பல்சக்கரத்தில் சிக்கிப் படம் அறுந்துவிடும். ரீவைண்டரில் கையால் சுற்றும்போது பிலிமின் இரு விளிம்புகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் ஓடவிட்டு, கிழிசல் எங்கே, பழைய ஒட்டு எங்கே, எது பிரியப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பையனின் முதல் பாடம். விரல் வெட்டுப்படும். வெட்டுப்பட்டுக் காய்த்த பிறகுதான் அடுத்த பாடம்.

பிலிம் மெஷினுக்குள் ஒரே சீராக ஓடுவதில்லை. வெளிச்சம் விழும் கேட்டில் ஒவ்வொரு சட்டமும் ஒரு கணம் நின்று போக வேண்டும். நொடிக்கு 24 தடவை நிறுத்தி நகர்த்துவதற்குச் சிலுவை வடிவத்தில் ஒரு சக்கரம் எண்ணெயில் மூழ்கிச் சுழலும். மற்ற இடங்களில் பிலிம் சீராக ஓடுவதால், கேட்டுக்கு மேலும் கீழும் வளைவாகக் கொஞ்சம் தளர்ச்சி விட்டு மாட்ட வேண்டும். அதுதான் லூப். லூப் போனால் படம் குதிக்கும். கீழே விசில் பறக்கும். ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட் கேட்டுக்குக் கீழே இருப்பதால், ஒரு படத்துக்கு உரிய ஒலி அதற்கு இருபது சட்டம் அளவுக்கு முன்னதாகவே பிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். லூப்பைப் பெரிதாக விட்டால் வாயசைவுக்கும் வசனத்துக்கும் பொருத்தம் போய்விடும். ஆயிரம் பேர் பார்க்கும் காட்சியில் கதாநாயகி உதடு மூடிய பிறகு குரல் வந்தால் அது படத்தின் குறையல்ல, மாட்டியவரின் குறை. அப்படி நேராமல் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொடுத்தவர்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சேஞ்ச் ஓவரே ஆபரேட்டரின் பெயரைக் காப்பது. பாகம் முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏறத்தாழ ஏழு நொடி கழித்து இரண்டாவது புள்ளி. அந்தக் கணத்தில் இங்கே மூடி அங்கே திறக்க வேண்டும்; ஒலியையும் அதே கணத்தில் மாற்ற வேண்டும். கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்த குடும்பத்துக்கு எதுவும் மாறியதே தெரியக் கூடாது. மூன்றாம் சுற்று, நான்காம் சுற்றுக்கு எங்களிடம் வரும் பிரிண்டுகளில் பாகத்தின் கடைசி அடிகள் தேய்ந்து, ஒட்டி ஒட்டிக் குறைந்து, அந்தப் புள்ளிகளே போயிருக்கும். சில ஊர்களில் ஊசியால் கீறித் தங்களுக்கென்று புதுப் புள்ளி போட்டிருப்பார்கள். ஒரு மூலையில் நான்கைந்து குறிகள் வரிசையாக மின்னும். எது நமக்குரியது என்று முதல் காட்சியிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் அடிக்கடி சொல்வார்: “கண்ணு கதைக்குள்ள போயிடப்படாது தம்பி. காது மெஷின்ல இருக்கணும். சத்தம் மாறினா அப்பறம்தான் படம் மாறும்.” அவரை நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பல்சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்று சொல்வார். அந்த அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று வந்தது.

பெட்டி வந்துசேர்வது தனிக் கதை. விநியோகக்காரர்கள் தமிழ்நாட்டை ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். என்.எஸ்.சி. என்றால் வடாற்காடு, தென்னாற்காடு, செங்கற்பட்டு, எம்.ஆர். மதுரை, ராமநாதபுரம், டி.கே. திருநெல்வேலி, கன்னியாகுமரி. நாங்கள் டி.டி., அதாவது திருச்சி, தஞ்சாவூர். மாவட்டங்கள் பிரிந்து பெயர் மாறிப் பல காலம் ஆகியும் சினிமாக்காரர்கள் நாக்கில் அந்தப் பழைய எல்லைகளே நிற்கின்றன. திருச்சியில் பெட்டி எடுத்து பஸ் கூரையில் ஏற்றினால் மாலைக்குள் வந்தாக வேண்டும். பஸ் நிலையத்தில் பெட்டி இறங்கியதைப் பார்த்தவர்கள் ஓடிவந்து “பெட்டி வந்துடுச்சு” என்று சொல்லும்போது கொட்டகையில் உள்ள அத்தனை பேர் முகமும் மாறும்.

பெட்டியோடு சில நேரம் பாதிப் படம்தான் வரும். ஒரே பிரிண்டை இரண்டு ஊர்க் கொட்டகைகளில் ஓட்டும் ஷிஃப்டிங் முறை அது. அங்கே முதல் பாகங்கள் முடிந்ததும் சைக்கிளிலோ மொபெட்டிலோ ஒரு பையன் தகர டப்பாக்களைக் கட்டிக்கொண்டு இங்கே வருவான். காட்சி அரை மணி தள்ளித் தொடங்கும். ஆற்றுப்பாலம், சேறு, ஐப்பசி மழை எதுவும் அவனுக்குக் கணக்கில்லை. நடுவழியில் டயர் பஞ்சரானால் இங்கே எழுநூறு பேர் இடைவேளை விளக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அப்போது ஆபரேட்டர் ஸ்லைடு போட்டுச் சமாளிப்பார். நகைக்கடை, ஜவுளிக்கடை, பூச்சிமருந்து, வரப்போகும் படம். எல்லாம் தீர்ந்த பிறகு ஒருமுறை செய்திப்படத்தையே இரண்டாம் தடவை ஓட்டியதும் உண்டு. 1948இல் அமைந்த ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படத்தை ஒவ்வொரு காட்சியிலும் போட்டாக வேண்டும் என்பது உரிம நிபந்தனை. அதற்கு வாடகையும் கொட்டகைதான் கட்டியது. ஜனங்கள் அதைப் பொறுமையில்லாமல் பார்த்தார்கள் என்பார்கள். பக்ரா நங்கல் அணையையும் குடியரசு தின அணிவகுப்பையும் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் கண்டது அதில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸ்லைடைப் பற்றி இன்னும் ஒன்று. விளக்குப் புகையில் காட்டிக் கறுப்பாக்கிய கண்ணாடித் துண்டில் குச்சியால் கீறினால் எழுத்து திரையில் வெள்ளையாக விழும். இன்ன தெருவில் இன்னாரை உடனே வீட்டுக்கு வரச்சொல்கிறார்கள் என்று எத்தனையோ இரவுகளில் எழுதிப் போட்டிருக்கிறோம். பிரசவவலி, சாவு, ஊரிலிருந்து வந்த விருந்தாளி. செல்பேசி இல்லாத ஊரில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லும் வசதி கொட்டகைக்குத்தான் இருந்தது. அந்தப் பெயரைக் கண்டதும் இருட்டில் ஓர் உருவம் எழுந்து கதவை நோக்கி ஓடும். கேட்மேன் டார்ச் அடித்து வழிகாட்டுவார்.

மேலே எங்களைப் போலவே வெளியில் பெயர் தெரியாமல் உழைத்தவர்கள் கீழேயும் இருந்தார்கள். போஸ்டர் ஒட்டுபவர் இரண்டாம் ஆட்டம் முடிந்த பிறகு கிளம்புவார். மைதா மாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்த பசை வாளி, ஏணி, சைக்கிள். துத்தம் போடாவிட்டால் விடிவதற்குள் மாடு போஸ்டரைத் தின்றுவிடும். சிவகாசியில் அச்சான போஸ்டரின்மேல் கொட்டகைப் பெயரும் காட்சி நேரமும் உள்ள சீட்டை நேராக ஒட்டுவதும் வேலைதான். எந்தச் சுவரில் எந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், எந்தப் படித்துறைக்கு எந்தக் கிராமத்துப் பெண்கள் வருவார்கள், அங்கே எந்தப் படத்தின் போஸ்டரை ஒட்டினால் சனிக்கிழமை மாட்னிக்குக் கூட்டம் வரும் என்று அவருக்குத் தெரியும். முதலாளிகள் படம் எடுக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

டிக்கெட் கூண்டில் இருப்பவருக்குக் கணக்கோடு சட்டமும் தெரிய வேண்டும். 1939ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டப்படி டிக்கெட் கட்டுகள் வணிகவரி அலுவலகத்தில் முத்திரை பெற்று வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு காட்சி முடிவிலும் எந்த வகுப்பில் எந்த எண் முதல் எந்த எண் வரை விற்றது என்று டி.சி.ஆர். எழுத வேண்டும். படக்கம்பெனி அனுப்பிய ரெப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு டிக்கெட்டையும் எண்ணுவார். வாரக்கணக்கில் எங்களோடு தங்கி, எங்களோடு சாப்பிட்டு, கணக்கில் மட்டும் விட்டுக்கொடுக்காத மனிதர்கள் அவர்கள். டெல்டாவில் வசூல் விளைச்சலைப் பொறுத்தது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கையில் காசு புரளும். அப்போது பழைய படமும் நிறைந்து ஓடும். நடவுக் காலத்தில் புதுப் படத்துக்கும் பெஞ்சுகள் காலி. அந்த மாதங்களில் சம்பளம் தாமதமாகும். எங்களில் பலர் பகலில் வயல் வேலைக்கும் போனார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு வாரவிடுமுறை என்பது பேச்சளவில்கூட இல்லை. தீபாவளியும் பொங்கலும் ஊருக்குப் பண்டிகை, எங்களுக்கு ஐந்து காட்சி. கொட்டகை வேலையாட்களின் பெண்டாட்டி பிள்ளைகள் அந்த நாட்களில் வீட்டு ஆளைப் பார்ப்பது சோற்றுத் தூக்கோடு வாசலில் வந்து நிற்கும்போதுதான். இதை எழுதாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும்.

காட்சி முடிந்ததும் பெருக்க வரும் பெண்களைப் பற்றியும் யாரும் எழுதியதில்லை. கடலைத் தோல், வெற்றிலை எச்சில், குழந்தைகள் நனைத்த இடம் எல்லாவற்றையும் அரை மணிக்குள் சுத்தம் செய்து அடுத்த ஆட்டத்துக்குக் கொட்டகையைத் தருவார்கள். மணலில் கிடைக்கும் கொலுசும் தோடும் மேனேஜர் மேசைக்குத்தான் வரும். திரைக்கும் பின்சுவருக்கும் நடுவிலுள்ள இருட்டுச் சந்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் நிற்கும். ஒலி ஊடுருவி வரத் திரையில் ஆயிரக்கணக்கான ஊசித்துளைகள் இருக்கும். அந்தச் சந்துக்குள் எலி புகுந்து வயரைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான்.

மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1973இல் ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபோது சின்ன ஊர்க் கொட்டகைகள் திரையை அகலப்படுத்தவும் புது லென்ஸ் வாங்கவும் கடன் பட்டன. ஒல்லியாக அச்சான உருவங்களை அந்த லென்ஸ் பக்கவாட்டில் விரித்துக் காட்டும். ஃபோகஸ் பிடிப்பது முன்பைவிடக் கடினமானது. கார்பனுக்குப் பதிலாக ஜீனான் விளக்கு வந்து புகையும் சூடும் குறைந்தன. அதிலும் ஆபத்து உண்டு: அணைந்த நிலையிலும் அதற்குள் வாயு அழுத்தத்தில் இருக்கும், கைபட்ட எண்ணெய்ப்பசைகூட வெடிப்புக்கு வழி செய்யும் என்பதால் முகமூடியும் கையுறையும் போட்டு மாற்ற வேண்டும். தொலைக்காட்சியும் வீடியோவும் செய்த பாதிப்பைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஞாயிறு மாலைப் படத்தால் முதல் ஆட்டம் படுத்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் வேலையை முடித்துவைத்தது க்யூப். சென்னையிலேயே உருவான அந்த டிஜிட்டல் முறை 2000களின் நடுவில் தொடங்கிப் பரவியது. அடுத்த பத்தாண்டுக்குள் படச்சுருளில் புதுப் படம் வருவது நின்றுபோனது. பெட்டி வரவேண்டியதில்லை, ஷிஃப்டிங் இல்லை, மழை பெய்வது போல் கீறல் விழுந்த பிரிண்ட் இல்லை. நகரத்தில் வெளியாகும் அதே நாளில் நம் ஊரிலும் புதுப் படம் பார்க்க முடிந்தது. ரசிகனுக்கு இது பெரிய நன்மை, அதை நான் மனமார ஏற்கிறேன். பெரியவர்கள் சிலரால் கணினித் திரையின் முன் உட்கார முடியவில்லை; அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டோடு இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு விடைபெறும் விழாகூட நடந்ததில்லை. பக்கத்து ஊர்க் கொட்டகைகள் பல கல்யாண மண்டபங்களாயின. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடி, நவம்பரில் பாதி இருக்கைகளோடு திறந்தபோது, நம் கொட்டகை திறந்தது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு புரொஜெக்டர்களில் ஒன்று பழைய இரும்புக்குப் போய்விட்டது. மற்றது மாடி அறையில் இருக்கிறது. எண்ணெய் போட்டால் இன்றும் சுழலும். அதைக் கீழே முன்கூடத்தில் வைக்க உரிமையாளர் குடும்பத்தினர் சம்மதித்திருக்கிறார்கள். வெறும் மெஷினை வைத்தால் போதாது, அதை ஓட்டியவர்களின் பெயர்ப்பலகையும் பக்கத்தில் வேண்டும் என்று கேட்டேன், அதற்கும் இசைந்தார்கள்.

அந்தப் பெயர்ப் பட்டியல் மலரின் கடைசிப் பக்கத்தில் வருகிறது. சம்பளப் பதிவேடுகளில் பாதி கரையான் அரித்துப் போனவை. இருப்பவற்றிலும் பல இடங்களில் “ரீல் பையன்”, “பெருக்குபவர்” என்று வேலையைத்தான் எழுதியிருக்கிறார்கள், பெயரை எழுதவில்லை. ஆகவே பட்டியலில் விடுபட்டவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். உங்கள் அப்பாவோ, தாத்தாவோ, அம்மாவோ, சித்தப்பாவோ இந்தக் கொட்டகையில் எந்த வேலை பார்த்திருந்தாலும், எத்தனை நாள் பார்த்திருந்தாலும், அவர்கள் பெயரை எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். பழைய ஆபரேட்டர் உரிமம், டி.சி.ஆர். தாள், நோட்டீஸ், ஸ்லைடு கண்ணாடி எது வீட்டுப் பரணில் இருந்தாலும் கொண்டுவாருங்கள்; படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். பெயர்ப்பலகை எழுத ஆள் பேசியாகிவிட்டது. பொங்கலுக்குள் வந்துசேரும் பெயர்கள் எல்லாம் அதில் இடம்பெறும்.